ரூபாய்க் குறியில் விழுந்த கணிப்பான்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலை மாதங்களில் எவருக்கும் ஓய்வு கிடையாது. பெங்களூரா என்று இங்கே எல்லோரும் சொல்லும் தோத்தாபுரி மாங்காய், சந்தூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கங்களிலிருந்து லாரி லாரியாக வந்து எடை மேடையில் ஏறும். ஒவ்வொரு லாரிக்கும் மொத்த எடை, அழுகலுக்கும் பிஞ்சுக்குமான கழிவு, கிலோ விலை, இறக்குகூலி ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தாக வேண்டும். நான் கணினிப் பராமரிப்புக்காகப் போய்வரும் ஓர் ஆலையில் இந்தக் கணக்கைச் செய்துவந்தது, முன்பு அங்கே பணியிலிருந்த ஒருவர் சி மொழியில் எழுதிவைத்த ஒரு சிறிய கட்டளை வரிக் கணிப்பான், அதாவது கணக்கைத் தட்டினால் விடை சொல்லும் நிரல். அது பருவத்தின் நடுவில் அடிக்கடி விழத் தொடங்கியபோது, அதாவது ஓடும்போதே சட்டென்று நின்றுபோகத் தொடங்கியபோது, அதன் காரணத்தைத் தேடிப் பிடித்த விதத்தையே இங்கே பதிவு செய்கிறேன்.

லினக்ஸில் பிசி (bc) என்னும் கணிப்பான் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்கலாம். 1975இல் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மோரிஸும் லோரிண்டா செர்ரியும் உருவாக்கிய பிசி இன்றும் நம்பத் தகுந்த கருவிதான். ஆனால் 1,25,000 என்று காற்புள்ளியிட்டு எழுதிய எண்ணை அது ஏற்பதில்லை. தசம இடங்களை நாமாகக் குறிப்பிடாவிட்டால் 7ஐ 2ஆல் வகுத்து 3 என்று வெட்டிக் கொடுக்கும். ஆலையின் கணக்குப் பிரிவினருக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை என்பதால், காற்புள்ளியை ஏற்கும், ஒற்றை எழுத்து மாறிகள் கொண்ட, கடைசி 64 விடைகளை நினைவில் வைத்திருக்கும் கணிப்பான் ஒன்றை அவர் எழுதியிருந்தார். அலுவலகத்து மேசைக் கணினியில் ஒரு பிரதியும், எடை மேடை அறையில் மின்சாரம் குறைவாகப் பிடிக்கும் என்பதற்காக வைத்திருந்த ராஸ்பெரி பை என்னும், ஆர்ம் சில்லு கொண்ட சிறு கணினியில் இன்னொரு பிரதியும் ஓடிக்கொண்டிருந்தன.

"சார், சில சீட்டுல தொகையே விழமாட்டேங்குதுங்க. அதே கணக்க எடை மேடையில போட்டா கரெக்டா வருது. இந்த கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சுங்களா?" என்று கணக்கர் அம்மா தொலைபேசியில் கேட்டார். நான் போவதற்குள் அந்தக் கணினிக்கு நினைவகத்தை வேறு மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரே வேலை ஓர் இயந்திரத்தில் நடந்து இன்னோர் இயந்திரத்தில் நடக்காவிட்டால், நடக்காத இயந்திரத்தின் மீதே பழி விழுவது இயல்பு. இங்கே அந்தப் பழி இடம் மாறி விழுந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

தொலைபேசியில் அவர் வாசித்த கணக்கை என் மடிக்கணினியில் அதே நிரலை வைத்துத் தட்டிப் பார்த்தபோது விடை ஒழுங்காக வந்தது. இத்தகைய தேடலில் முதலில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இங்கேதான் இருக்கிறது: விழவைத்த உள்ளீட்டை வாய்வழியாகவோ திரையின் படமாகவோ பெறக்கூடாது, கோப்பாகவே, ஒரு பைட் (எழுத்துகளைச் சேமிக்கும் அலகு, 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) கூட மாறாமல் பெற வேண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகள் எல்லாம் விசைப்பலகையில் இருக்கும் எழுத்துகளாக மாறிவிடுகின்றன. தடயம் அந்த இடத்திலேயே அழிந்துபோகிறது. கோப்பை வாங்கி ஓட்டியதும் கணிப்பான் என் கணினியிலும் விழுந்தது. எந்த நேரமும் விழவைக்க முடிகிற பிழை பாதி பிடிபட்ட பிழை என்பதால் எனக்கு அப்போதே நிம்மதி வந்துவிட்டது.

விழுந்தது இத்தனை நாள் ஏன் வெளியே தெரியவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணிப்பான், ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் குழாய் வழியாகக் கோத்த ஒரு ஷெல் நிரலின் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் நிரலின்) நடுவில் இருந்தது. அதன் விடையை இன்னொரு கட்டளை வாங்கிச் சீட்டாக வடிவமைத்தது. குழாய்த் தொடர் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் வெளியேற்ற எண் வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண்தான் என்பதால், நடுவில் ஒருவர் இறந்தாலும் தொடர் வெற்றி என்றே சொல்லும். போதாக்குறைக்குப் பிழைச் செய்திகள் எல்லாம் குப்பைக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. பாஷ் என்னும் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற ஓர் அமைப்பை இட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கணிப்பானைத் தனியாக ஓட்டிப் பார்த்தபோது வெளியேற்ற எண் 139 என்று வந்தது. ஷெல் இத்தகைய மரணங்களை 128உடன், நிரலை நிறுத்திய சமிக்ஞையின் எண்ணைக் கூட்டிச் சொல்லும். ஆகவே இது 11ஆம் சமிக்ஞை, அதாவது தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட முயன்ற குற்றம். 136 என்று வந்திருந்தால் முழு எண்ணைச் சுழியால் வகுத்ததுபோன்ற கணக்குக் கோளாறு என்றும், 134 என்றால் நிரல் தானாகவே கைவிட்டு நின்றது என்றும் தேடலை வேறு திசையில் தொடங்கியிருப்பேன்.

அடுத்து கோப்பைப் பாதியாக வெட்டி ஓட்டுவது. விழும் பாதியை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி, மீண்டும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வரிகள் சீக்கிரமே ஒரே வரியாகச் சுருங்கிவிடும். கடைசியில் எஞ்சியது கிலோ விலையைச் சொல்லும் வரி. எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறி இருந்தது. எடை மேடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த விலையை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போதைய கைப்பேசி விசைப்பலகைகளில் அந்தக் குறி விரல் படும் இடத்திலேயே இருக்கிறது. உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில், உலக எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் 8377ஆம் எண்ணாக அது இடம்பெற்றது. கோப்புக்குள் அது ஓர் எழுத்தாக இல்லாமல் 226, 130, 185 என்று மூன்று பைட்டுகளாக உட்கார்ந்திருக்கும். ஓடி (od) என்ற கட்டளைக்குச் சொன்னால் ஒவ்வொரு பைட்டையும் பதின்ம எண்ணாகவே காட்டிவிடும்.

வரி கிடைத்துவிட்டது, அந்தக் குறியை நீக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். லாரிகள் வரிசையில் நிற்கும்போது அது நியாயமான பேச்சுதான்; அன்றைக்கு மட்டும் அப்படியே செய்யவும் சொன்னேன். ஆனால் என்னை உறுத்தியது வேறு. வெட்டிப் பார்க்கும்போது இந்த முறிவு இரண்டு முகம் காட்டியது. முழுக் கோப்பில் ஓர் இடத்திலும், வெட்டிய சிறு கோப்பில் இன்னோர் இடத்திலும் நிரல் இறந்தது. காரணம் ஒன்று, சாவு இரண்டு விதம் என்றால், கண்ணில் படும் இடம் காயத்தின் இடமாக இராது.

ஆகவே, நிரலைப் பிழைத்திருத்தத் தகவலுடன் மீண்டும் தொகுத்து, யூலிமிட் கட்டளையால் கோர் கோப்பு (நிரல் இறக்கும் நேரத்து நினைவகத்தின் நகல்) எழுத அனுமதித்து, ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியில் திறந்தேன். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் கோர் கோப்பின் அளவு தொடக்கத்தில் சுழி என்றே வைக்கப்பட்டிருப்பதால், அனுமதி கொடுக்காமல் கோப்பைத் தேடி அலைவதில் பயன் இல்லை. சிறு கோப்பில் இறந்தபோது நிரல் நின்ற முகவரி சுழியாக இருந்தது. அந்த முகவரிக்குச் செயற்கூற்றின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியின்) பெயரும் இல்லை. இது மிகவும் பயனுள்ள அறிகுறி. எதையும் காட்டாத வெறும் சுட்டியை (முகவரியை வைத்திருக்கும் மாறியை)ச் செயற்கூறு என்று நினைத்து அழைத்தால் மட்டுமே நிரல் அங்கே போய் நிற்கும். அழைப்புத் தடத்தில் ஒரு படி மேலே ஏறினால் அழைத்த வரி தெரிந்தது. அந்த வரி, உள்ளீட்டின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகக் கொண்டு, 256 இடங்கள் உள்ள செயற்கூறு அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய இடத்தைத் தேடி, அங்கே இருப்பதை அழைத்தது. இலக்கத்துக்கு ஒரு செயற்கூறு, கூட்டல் கழித்தலுக்கு ஒன்று, அடைப்புக்குறிக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் 'தாண்டிப் போ' என்று ஒன்று. 256 இடங்களும் நிரப்பப்பட்டிருந்தன. ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகளுக்கு மேல் இருக்க முடியாது. பிறகு வெறும் சுட்டி எங்கிருந்து வந்தது?

சி மொழியில் சார் என்னும் எழுத்து வகை குறியுடையதா (கழித்தல் எண்களையும் ஏற்பதா), குறியற்றதா என்பதை மொழித் தரம் தீர்மானிக்கவில்லை. இயந்திரத்துக்கும், நிரலைத் தொகுக்கும் கம்பைலருக்கும் விட்டுவிட்டது. சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணினி, ஒரு பைட்டைப் பதிவகத்தில் ஏற்றும்போதே அதன் குறியையும் நீட்டி ஏற்றியது. ஆகவே அங்கே குறியுடைய வகையே மலிவாகக் கிடைத்தது. தொடக்க கால ஆர்ம் சில்லுகளிலோ பைட்டைச் சுழி நிரப்பி ஏற்றும் கட்டளை மட்டுமே இருந்தது. அங்கே குறியற்றதே மலிவு. அந்த மரபு இன்றும் தொடர்கிறது: இன்டெல் வகைக் கணினியில் லினக்ஸின் சார் குறியுடையது, ராஸ்பெரி பையில் குறியற்றது. (ஆர்ம் என்றாலே குறியற்றது என்று மனப்பாடம் செய்துகொள்ளவும் முடியாது, ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் அது குறியுடையதே.) ஆகவே ரூபாய்க் குறியின் முதல் பைட்டான 226, ராஸ்பெரி பையில் 226 ஆகவே இருந்து அட்டவணைக்குள் விழுந்தது, அலுவலகக் கணினியில் 256ஐக் கழித்து −30 ஆகி, அட்டவணை தொடங்கும் முன்னே முப்பது இடம் தள்ளிப் போய் விழுந்தது.

அந்த இடத்தில் நினைவகத்தில் இருந்தது, கடைசி 64 விடைகளை வைத்திருக்கும் அணி (ஒரே வகை மதிப்புகளின் வரிசை). இரண்டு முகங்களின் மர்மமும் இதில்தான் இருந்தது. ஒரு விடையும் ஒரு சுட்டியும் ஒரே அளவு, எட்டு பைட்டுகள். முப்பத்தைந்து விடைகள் சேரும்வரை அந்தக் குறிப்பிட்ட இடம் சுழியாக இருக்கும். அப்போது விழுந்தால் நிரல் சுழி முகவரிக்குப் பாயும். அதற்குப் பிறகு அங்கே யாருடைய லாரித் தொகையோ மிதவைப் புள்ளி (தசம) எண்ணாக உட்கார்ந்திருக்கும். அதை முகவரி என்று நினைத்தால் செயலி ஏற்காத முகவரியாகிறது, அழைக்கும் வரியிலேயே நிரல் இறக்கிறது. காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் விழுந்ததற்கு நினைவகச் சில்லு காரணமே இல்லை.

கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஒவ்வொன்றின் எல்லையும் தெளிவாகத் தெரிந்தது. வால்கிரைண்ட் என்னும் நினைவகப் பிழை தேடும் கருவியின் மெம்செக், பொதுவெளியில் அறிவித்த நிலையான அணிகளின் எல்லையைச் சரிபார்ப்பதில்லை. அது பக்கத்து அணியைப் படித்ததைக் குற்றமாகவே கருதவில்லை. அட்ரஸ் சானிடைசர் என்னும் இன்னொரு கருவி ஒவ்வொரு பொது மாறிக்கும் பின்னால் ஒரு தடைப்பட்டையை வைக்கும். ஆனால் நம் எண் முப்பது இடம், அதாவது 240 பைட்டுகள் பின்னே தாவியதால், பட்டையையே தாண்டிப் பக்கத்து அணியின் சொந்த நிலத்தில் இறங்கிவிட்டது. அதனால் சானிடைசரும் வாய் திறக்காமல் நிரலை விழவிட்டு, விழுந்த பிறகே அறிக்கை கொடுத்தது. சரியாகப் பிடித்தது, வரையறுக்கப்படாத நடத்தையைக் கவனிக்கும் மற்றொரு சானிடைசரின் எல்லைச் சோதனை. அது முகவரியைப் பார்ப்பதில்லை, அணியின் வகையைப் பார்க்கிறது. 256 இடங்கள் உள்ள அணிக்கு −30 என்ற எண் எல்லைக்கு வெளியே என்று வரி எண்ணோடு சொல்லிவிட்டது. ஆகவே ஒரு கருவி குற்றமில்லை என்று சொன்னால், அந்தக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைத் தெரிந்துகொண்டே அந்தச் சொல்லை ஏற்க வேண்டும். இவற்றையெல்லாம் விட எளிய ஒன்று முதலிலேயே கிடைத்திருக்கும்: ஜிசிசி என்னும் கம்பைலரின் பொதுவான எச்சரிக்கைக் கொடியை (தெரிவை) இட்டுத் தொகுத்தாலே, அணியின் எண்ணாகச் சார் வகை பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை அந்த வரியைக் காட்டித் திரையில் வந்து நிற்கிறது. இங்கே, தொகுக்கும் முறையைச் சொல்லும் மேக்கோப்பில் எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கும் கொடி இருந்தது. சத்தம் பிடிக்காமல் அடக்கிவைத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அவரும் வேலை செய்த ஊர்களில் 'வார்னிங்தானே, ஓடுதுல்ல' என்பது அன்றாடப் பேச்சு.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் விடுமுறையில் என்னோடு வந்திருந்தான். "அண்ணா, சார் வகையைக் குறியற்றதாக எடுத்துக்கொள் என்று கம்பைலருக்கே ஒரு கொடி கொடுத்துவிடலாமே, நிரலைத் தொடவே வேண்டாமே" என்றான். கொடுத்தால் முறிவு நிற்கும் என்பது உண்மை. அலுவலகக் கணினி அப்படியே ராஸ்பெரி பையைப் போல நடந்துகொள்ளும். ஆனால் ராஸ்பெரி பை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதுவரை யாரும் பார்க்கவில்லை. விழவில்லை என்பது மட்டுமே தெரியும். எனக்கு இந்த வேலையில் கிடைத்ததிலேயே மதிப்புள்ள கேள்வி அதுதான்: விழ வேண்டிய இடத்தில் விழாத இயந்திரம் என்ன செய்தது?

அங்கே 226ஆம் இடத்தில் இருந்தது 'தாண்டிப் போ' என்னும் செயற்கூறு. ரூபாய்க் குறியைத் தாண்டிப் போவதால் கெடுதல் இல்லை. ஆனால் 226இல் தொடங்கும் எழுத்து ரூபாய்க் குறி மட்டும் அன்று. சொற்செயலியில் இரண்டு எண்களுக்கிடையே இடம் விட்டு ஒரு சிறு கோடு இட்டால், பல சொற்செயலிகள் அதை அழகுபடுத்துவதாக நினைத்துச் சற்று நீண்ட கோடாக மாற்றிவிடும். அந்த நீண்ட கோட்டின் பைட்டுகள் 226, 128, 147. கழிவுக் குறிப்புகளைத் தயாரித்தவர் சொற்செயலியில் தட்டி, அங்கிருந்து எடை மேடைக் கணினியில் ஒட்டிவந்திருக்கிறார். 8,450 கிலோவில் 210 கழிவு என்று அவர் எழுதிய வரியில், கணிப்பான் 8,450ஐப் படித்தது, கோட்டைத் தாண்டியது, இடைவெளியைத் தாண்டியது, 210 என்ற எண்ணைக் கண்டது. இரண்டு எண்களுக்கு நடுவே செயற்குறி இல்லாவிட்டால் அது பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கணிப்பானில் வரியைப் பிரித்துப் படிக்கும் பார்சரோ, ஒரு முழுக் கோவை கிடைத்தவுடன் விடையைக் கொடுத்துவிட்டு, வரியில் மிச்சம் இருப்பதைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே நிகர எடை 8,240க்குப் பதில் 8,450 என்று வந்தது. கிலோ 14.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லாரியில் மட்டும் 3,045 ரூபாய் கூடுதல். சீட்டு சுத்தமாக அச்சாகி, தொகை நம்பும்படியாகவும் இருந்ததால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'சரியாக வருகிறது' என்று எல்லோரும் சொன்ன இயந்திரம் பணத்தை விட்டுக்கொண்டிருந்தது. கெட்டுப்போனது என்று பெயர் வாங்கிய இயந்திரம், தெரியாத எழுத்தைக் கண்டதும் இறந்து, தவறான சீட்டை வெளியே விடாமல் காத்தது.

திருத்தம் சில வரிகளில் முடிந்தது. அட்டவணையைத் தேடும் இடத்தில் எழுத்தைக் குறியற்ற வகையாக மாற்றிக்கொள்வது ஒன்று. எழுத்து இலக்கமா, இடைவெளியா என்று சோதிக்கும் சி நூலகச் செயற்கூறுகளுக்கும் இதே விதி உண்டு என்பதால் அவற்றை அழைக்கும் இடங்களையும் மாற்றினேன். அவற்றுக்குக் குறியுடைய எழுத்தை நேரே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மொழித் தரம் வரையறுக்கவில்லை. இரண்டாவது, வரியின் இறுதிவரை படித்தாயிற்றா என்ற சோதனை. மூன்றாவது, 'தாண்டிப் போ' என்பதைக் காற்புள்ளி, இடைவெளி, தாவல் (tab), ரூபாய்க் குறி என்ற நான்குக்கு மட்டும் ஒதுக்கி, மற்றவற்றுக்கெல்லாம் வரி எண்ணையும் பைட்டின் மதிப்பையும் சொல்லி நிற்கச் செய்தது. பிசியும் இதைத்தான் செய்கிறது. அறியாத எழுத்தைக் கண்டால் வரி எண்ணோடு ஏற்க முடியாது என்று சொல்லிவிடும்.

நீண்ட கோட்டையும் கழித்தல் குறியாகவே ஏற்றுக்கொண்டால் என்ன என்று ஆலையில் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதே குறிப்புகளில் 12–14 என்பது பன்னிரண்டாம் தொகுதி முதல் பதினான்காம் தொகுதிவரை என்ற பொருளிலும் வருகிறது. பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் நிரல் ஊகிக்கத் தொடங்கினால், ஊகம் தவறும் நாளில் எந்தச் செய்தியும் வராது. அதற்குப் பதிலாக, சொற்செயலியில் தானாகக் கோட்டை மாற்றும் வசதியை அணைத்துவிட்டோம். இது ஒரு நிமிட வேலை.

பழைய கோப்புகள் அனைத்தும் இருந்ததால் திருத்திய கணிப்பானில் மீண்டும் ஓட்டி, தொகை வேறுபட்ட சீட்டுகளைத் தனியே எடுத்துக் கொடுத்தேன். கூடுதலாகப் போனதை மண்டிக்காரர்களிடம் எப்படிச் சரிக்கட்டுவது என்பதை உரிமையாளர் பார்த்துக்கொண்டார்; விவசாயிகளுக்கு நேரடியாகப் போன தொகைகளைத் திரும்பக் கேட்கவேண்டாம் என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

விழவைத்த அந்த ஒற்றை வரி, நீண்ட கோடு உள்ள வரி, வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் பிரியா இடைவெளி (சாதாரண இடைவெளிபோல் தெரியும் வேறோர் எழுத்து) உள்ள வரி, தமிழ் இலக்கங்களில் எழுதிய வரி ஆகியவற்றை ஒரே சோதனைக் கோப்பில் சேர்த்து, நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் அலுவலகக் கணினி, ராஸ்பெரி பை இரண்டிலும் ஓடும்படி வைத்திருக்கிறேன். இரண்டின் விடைகளும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் தொகுப்பே நின்றுவிடும். அடுத்த வாரம் கணக்கர் அம்மா, முன்பு இல்லாத அளவுக்கு இப்போது பிழைச் செய்தி வருகிறதே என்று சலித்துக்கொண்டார். அவர் காட்டிய செய்திகளைப் பார்த்தேன்; எல்லாம் பிரியா இடைவெளிகள். தாண்டிப் போகும் பட்டியலில் அதை ஐந்தாவதாகச் சேர்த்துக் கொடுத்தேன்.